பிளாங்க் விடாத சூர்யகலா

சூர்யகலாவுக்குக் கம்பெனியில் ஒரு பட்டப்பெயர் உண்டு. பிளாங்க் விடாத கலா என்பார்கள். போடிநாயக்கனூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, முகமே பார்த்திராத அமெரிக்க டாக்டர்கள் பேசியதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர் ஒரு மெஷினிடம் பேசிவைப்பார்: இன்னாருக்கு இன்ன வயசு, இன்ன இடத்தில் வலி, இன்ன மருந்து கொடுத்தேன் என்று. அவர்கள் அங்கே சாயங்காலம் பேசியது இங்கே விடியும்போது வந்து குவிந்து கிடக்கும்.

டாக்டர்கள் ஒழுங்காகப் பேசுகிற இனம் இல்லை. ரொட்டியை மென்றுகொண்டே பேசுவார்கள், கார் ஓட்டிக்கொண்டே பேசுவார்கள், வாக்கியத்தின் கடைசி மூன்று வார்த்தையை முழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். காதில் விழாத இடத்தில் ஒரு கோடு போட்டுக் காலியாக விடவேண்டும் என்பது விதி. அந்தக் காலி இடத்துக்குத்தான் பிளாங்க் என்று பெயர். சூர்யகலா அதை விடுவதே இல்லை. முழுங்கிய மூன்று வார்த்தையும் அவளுக்குத் தெரியும். ஒஹாயோவில் ஒரு எலும்பு டாக்டர், பதிமூன்று வருஷமாக அவள் காதிலேயே குடியிருக்கிற மனுஷர். 'நோயாளி இந்தச் சிகிச்சையை' என்று அவர் ஆரம்பிக்கும்போதே 'நன்றாகத் தாங்கிக்கொண்டார்' என்று இவள் அடித்து முடித்திருப்பாள். அவளைப்போல வேகமாக முடிக்கிற ஆள் அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் பெருமைப்பட இருந்தது அவளுக்கு?

நாளெல்லாம் கேட்பாள், பேசுவதற்கு ஆள் கிடையாது. சாயங்காலம் பால்காரர் வந்து மணி அடித்தால், 'அரை லிட்டர்' என்று சொல்ல வாயைத் திறக்கும்போது தொண்டை ஒட்டிக்கொண்டு கமறும். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுவாக இருக்கும். தெருவில் அவளைப் பற்றி, பாட்டுக் கேட்டே சம்பளம் வாங்குறவ என்று ஒரு பேச்சு உண்டு. அவளும் அதைத் திருத்தப் போகவில்லை. திருத்துவதற்கும் நாலு பேரிடம் பேச வேண்டுமே.

புருஷன் மொக்கச்சாமி மலைமேல் இருந்தான். பூப்பாறையைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர், தோட்டத்திலேயே ஜாகை. கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தவறாமல் ஜீப்பிலோ பஸ்ஸிலோ இறங்கி வந்துவிடுவான். சட்டையெல்லாம் பச்சை ஏலக்காய் வாசம் அடிக்கும். பிள்ளைக்காக மதுரை ஆஸ்பத்திரிக்கு நாலு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே ஏறி இறங்கினார்கள். அப்புறம் போதும் என்று நிறுத்தியாயிற்று. அதற்குப் பிறகு வாரம் பதினைந்து நாளாயிற்று, பதினைந்து நாள் மாதமாயிற்று. கடைசியாக அவன் வந்தது சித்திரையில். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. நடுவில் ஏழு மாதம். மலையில் இருக்கிற மனுஷன், இறங்கினால் இரண்டு மணி நேரம்.

போன் மட்டும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் இவள்தான் போடுவாள்.

"மேல மழையா மாமா?"

"ஆமா."

"காய் எடுப்பு நெருக்குதாக்கும்?"

"ஆமா."

"சரி சரி, சோலியைப் போட்டுட்டு வரமுடியாதுல்ல. அடுத்த வாரம் வாங்க."

"சரி."

அவ்வளவுதான். பேச்சு வராத மனுஷன், வேறென்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டு போனை வைப்பாள். நினைத்துக்கொண்டு ஒரு தட்டு குறைவாகக் கழுவுவாள்.

அவன் வராமல் போன மறுமாதமே, வைகாசியில், கம்பெனி கையை விரித்திருந்தது. டாக்டர் பேசுவதைக் கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறது, அதைத் திருத்துவதற்கும் இனி இத்தனை பேர் வேண்டாம், மார்கழியோடு டிரான்ஸ்கிரிப்ஷன் பிரிவு மூடப்படும் என்று ஒரு மெயில். கூடவே ஒரு கதவும் திறந்துவைத்தார்கள். மெடிக்கல் கோடிங் படிக்கலாம். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண் இருக்கிறது, அதைத்தான் கோடு என்பார்கள். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, சரியான எண்ணை எடுத்துப் போடவேண்டும். நாலு மாதம் ஆன்லைனில் வகுப்பு, முடிவில் கம்பெனியே வைக்கிற பரீட்சை, மூன்று முறை எழுதலாம். பாஸ் செய்தவர்கள் சென்னை ஆபீசில் வந்து உட்கார வேண்டும், வீட்டிலிருந்து செய்ய முதல் வருஷம் அனுமதி கிடையாது.

சென்னை என்றதும் சூர்யகலா மெயிலை மூடிவைத்துவிட்டாள். ஊருக்குப் பயந்து இல்லை. அவள் போய்விட்டால் போடி வீட்டைப் பூட்டவேண்டும். பூட்டின வீட்டுக்கு அவன் எப்படி இறங்கி வருவான்? வராதவன் வருவதற்காக ஒரு வீட்டைத் திறந்து வைத்திருக்கிறாளே என்று நாம் சிரிக்கலாம். அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. அவன் வருவான் என்றால் சென்னை வேண்டாம், வேறு ஏதாவது கடையில் கணக்கு எழுதியாவது இங்கேயே கிடக்கலாம். வரமாட்டான் என்றால் இந்த வீட்டில் யாருக்காக உட்கார்ந்திருப்பது? இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கேட்காமலே படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

பதிமூன்று வருஷம் ஆஸ்பத்திரி பாஷையிலேயே புரண்டவள், கோடிங் எம்மாத்திரம் என்றுதான் நினைத்தாள். முதல் பரீட்சையில் குப்புற விழுந்தாள்.

வகுப்பு எடுக்கிறவள் சுசித்ரா, கோயம்புத்தூர்ப் பெண், வயசு இருபத்தாறு இருக்கும். படபடவென்று பேசுவாள், தப்பு செய்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு 'அக்கா' என்று சேர்த்துக்கொள்வாள். அவள் சூர்யகலாவின் விடைத்தாளைத் திரையில் விரித்தாள்.

"அக்கா, இந்த கேஸ்ல நிமோனியாவுக்கு கோடு போட்டிருக்கீங்க. டாக்டர் நிமோனியான்னு எங்க எழுதியிருக்காரு?"

"நிமோனியான்னு சந்தேகம்னு எழுதியிருக்காருல்ல? இருமல் இருக்கு, காய்ச்சல் இருக்கு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்காரு. அதுதான்மா அது. நா இந்த மாதிரி ஆயிரம் ரிப்போர்ட் அடிச்சிருக்கேன்."

"அடிச்சிருக்கலாங்க்கா. வெளிநோயாளி குறிப்புல சந்தேகத்துக்கு கோடு கிடையாது. இருமலுக்குப் போடுங்க, காய்ச்சலுக்குப் போடுங்க. கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கு மட்டும் போடுங்க. மிச்சம் டாக்டர் சொன்னாத்தான் உண்டு."

சூர்யகலாவுக்கு இது அநியாயமாகப் பட்டது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி இருக்கச் சொன்னால் எப்படி? இத்தனை வருஷம் முழுங்கியதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்குத்தான் சபாஷ் வாங்கினாள். இப்போது கண்டுபிடித்ததே குற்றம் என்கிறார்கள்.

இரண்டாவது தடவை சந்தேகங்களில் எல்லாம் ஜாக்கிரதையாக இருந்தாள். வேறு இடத்தில் சறுக்கினாள். குறிப்பில் தெளிவு இல்லாவிட்டால், எண் போடுகிற கோடர் டாக்டருக்கே ஒரு கேள்வி எழுதி அனுப்பலாம். பரீட்சையில் வந்தது ஒரு இடுப்பு ஆபரேஷன் கேஸ். ஆபரேஷனுக்கு முன்னால் பதிமூன்று இருந்த ஹீமோகுளோபின் பின்னால் ஏழாகிவிட்டது, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் என்ன நோய் என்று டாக்டர் ஒரு வார்த்தை எழுதவில்லை. சூர்யகலா அழகாக ஒரு கேள்வி எழுதினாள்: 'ஆபரேஷனில் ரத்தம் போனதால் இவருக்கு ரத்தசோகை வந்திருக்கிறது, அப்படித்தானே?'

சைபர்.

"ஏம்மா, நா எழுதினது சரிதான? ரத்தசோகைதான அது?"

"சரியா தப்பாங்கிறது இல்லக்கா இங்க." சுசித்ரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்க கேள்வியே கேக்கல. பதிலை எழுதி அவர் கையில குடுத்துட்டு கையெழுத்து கேக்குறீங்க. டாக்டருக்கு ஆயிரம் வேலை. உங்க கேள்வியைப் பாத்தா 'ஆமா'ன்னு ஒரு டிக் போட்டுட்டுப் போயிருவாரு. அது அவர் சொன்னதா ஆகுமா? நீங்க சொன்னது. நாளைக்கு யாராவது கேட்டா அந்த 'ஆமா' செல்லாது."

"அப்ப எப்படித்தான் கேக்குறது?"

"பாத்ததைச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் இவ்வளவு இருந்தது, இவ்வளவு ஆயிருக்கு, ரத்தம் ஏத்தியிருக்கீங்க. காரணம் என்னன்னு எழுதுங்க. அதோட நிறுத்திக்கணும். நிறுத்துறதுதாங்க்கா கஷ்டம். பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும்."

கடைசிப் பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் சூர்யகலா கேள்வி எழுதிப் பழகினாள். ஒவ்வொரு கேள்வியும் எழுதி முடித்துப் பார்த்தால் அதன் வாலில் ஒரு பதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டுவாள். மறுபடி முளைத்திருக்கும். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, பதில் இல்லாமல் ஒரு கேள்வி கேட்க இத்தனை பாடா என்று. வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்து, திரையில் தொண்ணூற்று மூன்று என்று வந்தது. சென்னைக்கு வருகிறீர்களா என்று திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவும் என்று கீழே ஒரு வரி. வீட்டில் ஓடிப்போய்ச் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல அவனுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்து "ம்" என்றதும் இவள் வாயில் "மேல மழையா" என்று வந்துவிட்டது. "ஆமா" என்றான் அவன். சூர்யகலா ஜன்னல் வழியே பார்த்தாள். மலை பளிச்சென்று உச்சிவரை தெரிந்தது. ஒரு பொட்டு மேகம் கிடையாது.

இந்த மனுஷன் பொய் சொல்கிறான் என்று முதலில் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் கோபம் திரும்பி அவள் பக்கமே வந்தது. அவன் எங்கே சொன்னான்? மழை என்றது அவள். காய் எடுப்பு என்றது அவள். போன மாதம் ஜீப்பு ரிப்பேரா என்றதும், அதற்கு முந்தின மாதம் முதலாளி லீவு தரமாட்டேங்கிறாரா என்றதும் அவள்தான். ஏழு மாதத்துக் காரணங்களையும் ஒவ்வொன்றாக அவளே எழுதி அவன் கையில் கொடுத்து டிக் வாங்கியிருக்கிறாள்.

"சரி மாமா, வச்சிர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மலைக்குப் போய் ஆறு வருஷம் இருக்கும். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் அவள் மூளையும் வளைய ஆரம்பித்தது. ஏழு மாதமாக ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்கு வராமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? உலகத்துக்கே தெரிந்த அர்த்தம்தான். தோட்டத்தில் எத்தனையோ பெண்கள் காய் எடுக்கிறார்கள். அடையாளமெல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது: பணம் அனுப்புவது நிற்கவில்லை, சண்டை கிடையாது, குரலில் ஒரு தயக்கம். ஏழாவது வளைவில் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வந்தது. பத்தாவது வளைவில் அவளுக்கு ஒரு கைக்குழந்தையும் வந்துவிட்டது. மலையுச்சியில் போடிமெட்டில் டீ குடிக்க பஸ் நின்றபோது சூர்யகலா அழுது முடித்து, மன்னிக்கலாமா கூடாதா என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். அப்போதுதான் சந்தேகத்துக்குக் கோடு கிடையாது என்று சுசித்ரா சொன்னது நினைவுக்கு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கினாள்.

பூப்பாறையில் இறங்கி, தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் நாலு அரிசி மூட்டைக்கு நடுவில் ஒரு இடம் கிடைத்தது. காயை உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எடுப்பு இல்லை. உள்ளே காய் உலர்த்துகிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோரின் பக்கவாட்டில் தகரக் கூரைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குரல் கேட்டது.

"... நா என்ன செஞ்சேன், கதவுக்குப் பின்னாடி மூச்சுக்கூட விடாம நின்னுக்கிட்டேன். அது வந்துச்சு. மொள்ள துதிக்கையை நீட்டி ஜன்னலத் தடவுச்சு. உள்ள அரிசி வாசம் அதுக்குத் தெரியுதுல்ல? அப்ப இந்தச் சின்ராசுப் பய என்ன செஞ்சான் தெரியுமா..."

யானை வந்த கதை. கதை சொல்கிறவன் கையை நீட்டித் துதிக்கை ஆக்கினான், கண்ணை உருட்டினான், குரலை இறக்கினான். சுற்றி இருந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். சூர்யகலா ஸ்டோரின் மூலையில் நின்று பார்த்தாள். அது மொக்கச்சாமி என்று அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பேச்சு வராத மனுஷன் என்று பதிமூன்று வருஷமாக அவள் யாரை நினைத்திருந்தாளோ அவன், ஒரு கதையை ஆரம்பித்து, நிதானமாக நடத்தி, எங்கும் தடுக்காமல் முடித்துவைத்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இந்தச் சிரிப்பை அவள் வீட்டில் கண்டதில்லை.

சின்ராசு என்கிற ஸ்டோர்க்காரன்தான் முதலில் அவளைப் பார்த்தான். "அண்ணே, மதினி வந்துருக்காங்க" என்றான். சிரிப்பு அப்படியே அடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மொக்கச்சாமி அவளைத் தன் அறைக்குக் கூட்டிப் போனான். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் அவன் சட்டை இரண்டு. பெண் இருக்கிற வீட்டின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. தேடிய கண்ணுக்கு ஒரு கொண்டை ஊசிகூடச் சிக்கவில்லை. சூர்யகலாவுக்கு ஒரு கணம் மனசு லேசாகி, உடனே முன்னைவிடக் கனத்தது. யாரும் இல்லையென்றால் அப்புறம் ஏன்?

"டீ போடவா?" என்றான்.

"வேணாம். உக்காருங்க மாமா."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சித்திரையில வந்தீங்க. ஏழு மாசமாச்சு. நேத்து போன்ல மழையான்னதுக்கு ஆமான்னீங்க, மலையில மேகமே இல்ல. நீங்க ஏன் வீட்டுக்கு வரல?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது, வழக்கமாகப் பின்னால் வருகிற பதிலுக்குத்தான் காத்திருக்கிறான். சோலியா மாமா, உடம்புக்கு முடியலையா மாமா, முதலாளி விடலையா மாமா என்று நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். மெஷினின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அது..." என்றான்.

"மொதல்ல நெசமாவே மழைதான் கலா. அன்னைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு." கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "அடுத்த வாரம் ரோடு சரியாயிருச்சு. கெளம்பிப் பூப்பாறை வரைக்கும் வந்தேன். பஸ்சும் நின்னுச்சு. ஏறத் தோணல. திரும்பிட்டேன். நீ போன் பண்ணி காய் எடுப்பான்னு கேட்ட. ஆமான்னுட்டேன்" என்றான்.

ஏன் தோணல என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்காமல் இருந்தாள். தானாகவே வந்தது.

"அங்க வந்தா நா என்ன பேசுறது? நீ காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்ப. அது ஒன் சோலி, அத நா கொற சொல்லல. எவனோ ஒருத்தன் மென்னு முழுங்குறத அம்புட்டு உத்துக் கேப்ப. நா ஒரு வார்த்தை ஆரம்பிச்சா மிச்சத்தை நீயே சொல்லிருவ. சாப்பாடுன்னா, உப்பு கூடவாம்ப. தோட்டத்துலன்னா, ஆள் பத்தலையாம்ப. எல்லாம் சரியாத்தான் சொல்லுவ. அதான் எனக்குப் பதிலே இல்ல. பதிமூணு வருசத்துல ஒங்கிட்ட நா ஒரு பேச்சை முழுசா பேசி முடிச்சதில்ல கலா."

முந்தானை அவள் வாயிலிருந்து நழுவியது.

"எல்லாம் சரியாத்தான் சொல்லுவன்னேன். ஒண்ணு மட்டும் தப்பு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மதுரையில அந்த டாக்டரம்மா கடைசியா கேட்டாங்கல்ல, இன்னொரு தடவை பாக்கலாமா, என்ன சொல்றீங்கன்னு. என்னையப் பாத்துத்தான் கேட்டாங்க. நா வாயத் தொறந்தேன். நீ, 'அவரு ரொம்ப சலிச்சுப் போயிட்டாரு டாக்டர், போதும்'னுட்ட. டாக்டரம்மா என்னையப் பாத்து அப்படியான்னாங்க. ஆமான்னேன்."

"மாமா..."

"பாக்கலாம்னு சொல்ல வந்தேன் கலா. ஒரு தடவை பாத்துருவோம்னு."

சூர்யகலா அந்த நாளை ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் தோள் சரிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சொல்லமுடியாமல் தவிக்கிறானே, நாமே சொல்லி இறக்கிவிடுவோம் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. தன் ஆசையைக் கொன்றுதான் சொன்னாள். அவளுக்கும் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு பேருக்கும் வேண்டியிருந்ததை, யாருக்கும் வேண்டாத ஒன்றாக அவள் எழுதி முடித்துவிட்டாள். எனக்கும்தான் மாமா என்று சொல்லலாம். இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்லி யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

"முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "இல்ல. இனிமே நா அங்க வரல கலா. ஒம்மேல கோவமில்ல. கோவமிருந்தா எறங்கி வந்து சண்டை போட்டிருப்பேன். எனக்கு இங்கதான் இருக்கத் தோணுது. நாலு பேர் நா சொல்றதக் கேக்குறாங்க. எனக்காகப் பாத்துக்கிட்டு அந்த வீட்ல ஒக்காந்திருக்காத." பிறகு, "இப்ப முடிச்சிட்டேன்" என்றான்.

"சென்னையில வேலை குடுத்திருக்காங்க. பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்" என்றாள்.

"நெசமாவா?" அவன் முகம் மலர்ந்தது. அதில் பொய் இல்லை. "நல்லதாப் போச்சு. போ கலா."

ஜீப்பு வரும்வரை இருவரும் வெளியே நின்றார்கள். "இன்னைக்கு நா குறுக்க பேசலைல்ல?" என்று கேட்டாள். கேட்டது அவளுக்கே சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது.

"பேசல" என்றான் மொக்கச்சாமி. "நல்லாப் பேசுனோம். இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் நல்லாப் பேசுனோம்." சொல்லிவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

போடி பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு வயசான அம்மாள், தோட்டத்து வேலைக்காரி, மடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போடிமெட்டில் போனுக்கு சிக்னல் திரும்ப வந்தது. கம்பெனிக்கு 'வருகிறேன்' என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் சுசித்ராவிடமிருந்து கைதட்டுகிற படம் மூன்று வந்தது.

பஸ் இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது வளைவில் அடக்கமுடியாமல் தோள் குலுங்கியது. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து அம்மாள் அவள் முதுகில் கையை வைத்தாள்.

"ஏன் ஆத்தா, பஸ்சு ஒத்துக்கலையா? வளைவுல தலை சுத்துதாக்கும்?"

சூர்யகலா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். நல்ல மனசு. பதிலையும் அவளே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டால் போதும், வேறு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

"ஆமா" என்றாள்.

"அதான பாத்தேன்" என்று அந்த அம்மாள் கூடைக்குள் கைவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். "மோந்துக்க. கீழ எறங்குனா எல்லாம் சரியாயிரும்."

சூர்யகலா பழத்தை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை.